கண்ணாடி வேறு, வீடு வேறு: பழைய லேப்டாப்பில் ட்ரான்ஸ்பரன்சி

அக்கா பையன் இந்த வருடம் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கிறான். பரணில் கிடந்த என் பழைய லேப்டாப்பைக் கேட்டான், தூசி தட்டிக் கொடுத்தேன். மறுநாளே போனில் ஒரு படத்தைக் காட்டிக்கொண்டு வந்து நின்றான். "மாமா, எனக்கு இந்த மாதிரி வேணும். பின்னாடி இருக்கறது மங்கலா தெரியணும், ஆனா மெஷின் ஸ்லோ ஆகக் கூடாது." படத்தில் யாரோ ஒரு புண்ணியவான் டெர்மினலை (கட்டளை தட்டுகிற விண்டோவை) பனி படிந்த கண்ணாடி மாதிரி ஆக்கி, பின்னால் மழையில் நனைந்த தெரு ஒன்றை வால்பேப்பராக வைத்து, விண்டோக்களின் மூலைகளையெல்லாம் மழித்து வைத்திருந்தார். இந்த வேலைக்கு ரைசிங் என்று பெயர். சோற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் இதில் இறங்கினவன் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்திருப்பான் என்பது நிஜம்.

"லைட்டான டெஸ்க்டாப்ல எதுல மாமா எஃபெக்ட் நல்லா இருக்கும்?" என்பது அவன் கேள்வி. நிறைய பேர் இப்படித்தான் கேட்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் கேட்டேன். ஒரே கடையில் ஒரே பில்லில் இரண்டும் வேண்டும் என்று தேடுவதில்தான் கோளாறு. லினக்ஸில் விண்டோக்களைத் திரைக்குக் கொண்டுவரும் பழைய ஏற்பாடான எக்ஸ்11 இருக்கும் வரை, மெனு, பேனல் எல்லாம் சேர்ந்த டெஸ்க்டாப் சூழல் ஒரு பொருள், கண்ணாடி மாட்டிவிடுகிற ஆள் வேறு பொருள். வீட்டைத் தனியாகப் பாருங்கள், கண்ணாடியைத் தனியாக வாங்குங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், ஆனால் இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று ராத்திரி போனதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

முதலில் மெஷினைச் சொல்லிவிடுகிறேன். 2012ல் காலேஜில் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். பென்டியம் டூயல் கோர், 2 ஜிபி ரேம், 14 இன்ச் ஸ்க்ரீன், இன்டெல் சிப்புக்குள்ளேயே இருக்கிற கிராஃபிக்ஸ். ஒரு பக்கம் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், இன்னொரு பக்கம் சென்னை சி-டாக் என்ற மத்திய அரசு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் டெபியன் என்ற லினக்ஸை வைத்துச் செய்த பாஸ் லினக்ஸ். இதில் ஒரு வேடிக்கை உண்டு. விண்டோஸ் 7 என்றாலே அந்தக் கண்ணாடி ஓரம் போட்ட ஏரோதான் அழகு, ஆனால் ஸ்டார்ட்டர் பதிப்பில் அந்த ஏரோ மட்டும் கிடையாது. வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. ஹாஸ்டலில் காசு போட்டு லேப்டாப் வாங்கினவன் கண்ணாடி ஜன்னலைத் திறந்து மூடிக்கொண்டிருப்பான், நாங்கள் பலகை மாதிரி இருக்கிற டாஸ்க்பாரைப் பார்த்துக்கொண்டிருப்போம். நான் பாஸ் பக்கம் போனதற்குத் தேசப்பற்று காரணமில்லை, வால்பேப்பர்தான் காரணம்.

ஆசை அதற்கும் முந்தியது. எங்கள் ஊர் பிரவுசிங் சென்டர் அண்ணன் 2007 வாக்கில் உபுண்டு லினக்ஸ் சிடி வரவழைத்திருந்தார். அப்போதெல்லாம் கேட்டால் வெளிநாட்டிலிருந்து இலவசமாகத் தபாலில் அனுப்புவார்கள், 2011 வரைக்கும் அனுப்பினார்கள். அந்த அண்ணன் ஒரு கம்ப்யூட்டரில் காம்பிஸ் என்ற எஃபெக்ட் சாஃப்ட்வேரைப் போட்டு, டெஸ்க்டாப்பைக் கனசதுரமாகச் சுழற்றிக் காட்டினார். விண்டோவைப் பிடித்து இழுத்தால் ஜெல்லி மாதிரி ஆடும். மணிக்கு 20 ரூபாய் கொடுத்து உள்ளே போய், வேறெதுவும் செய்யாமல், விண்டோவை மட்டும் ஆட்டிவிட்டு வந்தவன் நான். (அதிலிருந்து பெரில் என்று ஒன்று பிரிந்து போனதும், 2007லேயே இரண்டும் திரும்ப ஒன்று சேர்ந்து காம்பிஸ் ஃப்யூஷன் ஆனதும் பின்னால் தெரிந்துகொண்ட குடும்ப வரலாறு.)

சரி, கண்ணாடி எப்படி வேலை செய்கிறது?

2004க்கு முன்னால் லினக்ஸில் நிஜமான ட்ரான்ஸ்பரன்சி கிடையாது, இருந்ததெல்லாம் ஏமாற்று. ஈடெர்ம், ஏடெர்ம் போன்ற டெர்மினல்கள் வால்பேப்பரில் தனக்கு நேர் பின்னால் இருக்கும் துண்டை வெட்டி எடுத்துத் தன் பின்னணியாக ஒட்டிக்கொள்ளும். பார்க்கக் கண்ணாடி மாதிரியே இருக்கும். பின்னால் பிரவுசரைத் திறந்து வையுங்கள், அப்போது குட்டு வெளிப்படும்: டெர்மினலுக்குள் பிரவுசர் தெரியாது, அப்போதும் வால்பேப்பர்தான் தெரியும். 2004 செப்டம்பரில் வந்த, எக்ஸ்11ஐ ஓட்டும் சாஃப்ட்வேரான எக்ஸ்.ஆர்க் 6.8ல் கம்பாசிட் என்ற நீட்டிப்பு சேர்ந்தபிறகுதான் கதை மாறியது. அதுவரை ஒவ்வொரு விண்டோவும் நேராகத் திரையில் வரைந்துகொண்டிருந்தது. இப்போது ஒவ்வொன்றும் தனித்தனித் தாளில் வரையும், கம்பாசிட்டர் என்ற ஆள் அந்தத் தாள்களை அடுக்கி, எது எவ்வளவு ஊடுருவித் தெரியவேண்டும் என்று கலந்து, நிழல் போட்டுத் திரைக்கு அனுப்புவார்.

இந்தத் தாள் கணக்கைப் பையனைப் போடச் சொன்னேன். திரையில் 1366 பெருக்கல் 768 புள்ளி, ஒரு புள்ளிக்கு 4 பைட். கிட்டத்தட்ட 42 லட்சம் பைட், அதாவது முழுத்திரை விண்டோ ஒன்றுக்குச் சுமார் 4 எம்பி. பத்து விண்டோ திறந்தாலும் 40 எம்பி. பிரவுசரில் ஒரு டேப் அதைவிட அதிகம் தின்னும். ஆக "ட்ரான்ஸ்பரன்சி ரேமைச் சாப்பிடும்" என்பது பழைய பயம். வெறும் ட்ரான்ஸ்பரன்சிக்குக் கிராஃபிக்ஸ் சிப்பும் பெரிதாக வியர்க்காது, இரண்டு நிறத்தைக் கலப்பது ஒரு சின்னக் கணக்கு. முதுகை ஒடிப்பது பிளர்தான். ஒரு புள்ளியை மங்கலாக்க அதைச் சுற்றி இருக்கிற புள்ளிகளையெல்லாம் எட்டிப் பார்க்கவேண்டும். சாதாரண முறையில் 11க்கு 11 கட்டம் என்று வைத்தால் ஒரு புள்ளிக்கு 121 எட்டிப்பார்ப்பு. பின்னால் வீடியோ ஓடினால் நொடிக்குப் பல தடவை மறுபடி மறுபடி. பையன் காட்டிய படத்தின் அழகெல்லாம் இந்த மங்கலில்தான் இருந்தது. கேட்பவர்கள் ட்ரான்ஸ்பரன்சி என்று சொல்வார்கள், மனதில் இருப்பது பிளர். முதலில் இதைப் பிரித்துக் கேட்டுவிடுங்கள்.

லேப்டாப்பில் ரேமை 4 ஜிபி ஆக்கியிருந்தேன், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டாயிற்று. மேலே டெபியன் 12. முதல் ராத்திரி கேடிஇ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப். ஏனென்றால் அங்கே வீடும் கண்ணாடியும் சேர்ந்தே வரும். அதன் விண்டோ மேனேஜரான (விண்டோக்களை நகர்த்தி அடுக்குகிற பகுதியான) கேவின் தானே கம்பாசிட்டர், பிளர் உள்ளேயே இருக்கிறது, செட்டிங்ஸில் ஒரு டிக். அழகு என்றால் அழகு, பையன் வாயைத் திறந்து பார்த்தான். ஆனால் பூட் ஆகி எதையும் திறக்காமலே ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. பிரவுசரில் ஆறு டேப், ஒரு பிடிஎஃப், பைத்தான் எடிட்டர் என்று திறந்ததும் ரேம் போதாமல் டிஸ்க்கைக் கடன் கேட்கும் ஸ்வாப்பில் விழுந்து, மெனு திறப்பதற்கே மூச்சு வாங்கியது. பிளாஸ்மாவைக் குற்றம் சொல்லமாட்டேன், பழைய நாட்களைவிட அது எவ்வளவோ இளைத்திருக்கிறது. 8 ஜிபி ரேம் இருந்திருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்கமாட்டேன், பிளாஸ்மா போடு என்று ஒரு வரியில் முடித்திருப்பேன்.

இரண்டாவது எல்எக்ஸ்க்யூட்டி. தைவான்காரர் ஒருவர் 2006ல் ஆரம்பித்த எல்எக்ஸ்டிஇ, ரேசர்க்யூட்டி என்ற இன்னொன்றோடு சேர்ந்து 2013 வாக்கில் இப்படி ஆனது. பூட் ஆனதும் பிளாஸ்மாவில் பாதிகூட எடுக்கவில்லை. அதற்கென்று சொந்த விண்டோ மேனேஜர் இல்லை, பெரும்பாலும் ஓப்பன்பாக்ஸ்தான் வரும், ஓப்பன்பாக்ஸுக்குக் கம்பாசிட்டிங் என்றால் என்னவென்றே தெரியாது. ஆக எல்எக்ஸ்க்யூட்டி என்பது ஜன்னல் சட்டம் மட்டும் வைத்த வீடு. கண்ணாடியை நாமே வாங்கிப் போடவேண்டும். அது தப்பில்லை, அதுதான் நமக்கு வேண்டியதும். ஆனால் ஓப்பன்பாக்ஸுக்கு ஒரு செட்டிங், பேனலுக்கு ஒன்று, தீமுக்கு ஒன்று, அதிலும் சரிவரவில்லை என்றால் குவாண்டம் என்று இன்னொரு தீம் இன்ஜின்... பதினைந்து வயதுப் பையனிடம் கொடுத்துவிட்டு நான் ஊருக்குப் போகவேண்டும், அவன் தினம் ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணுவான். 2 ஜிபி மெஷின் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன்.

நடுவில் போதி லினக்ஸை யுஎஸ்பியில் போட்டுப் பார்த்தோம். என்லைட்டன்மென்ட் 17லிருந்து பிரிந்த மோக்ஷா என்ற டெஸ்க்டாப் அதில் இருக்கிறது. என்லைட்டன்மென்ட் தனிப் பிறவி: ராஸ்டர்மேன் என்கிற கார்ஸ்டன் ஹைட்ஸ்லர் தொடங்கியது, அதன் 17ஆம் பதிப்பு பன்னிரண்டு வருடம் தவமிருந்து 2012 டிசம்பரில் வெளிவந்தது. இந்தப் பழைய மெஷினில் அது ஓடுகிற வேகத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் எல்லாம் அதன் வழியில்தான் நடக்கவேண்டும், அந்த வழியைப் பழகப் பொறுமை வேண்டும். பையனுக்கு இல்லை. எனக்கும் இல்லை. மாத்தேயைத் தொடவே இல்லை, நல்ல வீடுதான், பழைய க்னோம் 2 நினைவு இருப்பவர்களுக்குச் சொந்த ஊர் மாதிரி இருக்கும், எங்கள் வேலைக்கு அடுத்ததே போதுமானதாக இருந்தது.

அடுத்தது எக்ஸ்எஃப்சிஇ. ஒலிவியே ஃபூர்டான் 1996ல் ஆரம்பித்து இன்று வரை அவசரமே படாமல் நடந்துகொண்டிருக்கும் மாட்டுவண்டி. டெபியன் 12ல் 4.18 வருகிறது. எல்எக்ஸ்க்யூட்டியைவிடக் கொஞ்சம் கூடுதலாக ரேம் எடுக்கும், பிளாஸ்மாவைவிட ரொம்பக் குறைவு. பலருக்கும் தெரியாத விஷயம், அதன் விண்டோ மேனேஜருக்குள் 2005லிருந்தே ஒரு குட்டிக் கம்பாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ் என்று ஒன்று இருக்கும், அதன் கடைசிப் பகுதி கம்பாசிட்டர். அங்கே விண்டோவை இழுக்கும்போது எவ்வளவு தெரியவேண்டும், பயன்படுத்தாத விண்டோ எவ்வளவு, பாப்அப் எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இழுத்துவிடலாம். இழுக்கும்போது 80 சதவீதம் வைத்துவிட்டு டெர்மினலையும் பேனலையும் ட்ரான்ஸ்பரன்ட் ஆக்கினேன். பத்து நிமிட வேலை, மெஷினுக்கு வலிக்கவே இல்லை. "நல்லாருக்கு மாமா, ஆனா மங்கலா இல்லையே." இல்லைதான். இந்தக் கம்பாசிட்டருக்குப் பிளர் தெரியாது.

நியாயமாகப் பார்த்தால் இங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும். இதைப் படிப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுவே போதும், எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள், ட்வீக்ஸில் நாலு இழுப்பு இழுங்கள், போய்த் தூங்குங்கள்.

நாங்கள் தூங்கவில்லை. மூன்றாவது ராத்திரி பிகாம். பெயரைக் கேட்டதும் காமர்ஸ் டிகிரி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. எக்ஸ்காம்ப்எம்ஜிஆர் என்ற பழைய சின்ன கம்பாசிட்டருக்குப் பிள்ளை காம்ப்டன், காம்ப்டனுக்குப் பிள்ளை 2019ல் பிகாம். எந்த வீட்டிலும் குடியேறும் கண்ணாடிக்காரர் இவர்தான். நிறுவி ஓட்டியதும், வேறொரு கம்பாசிட் மேனேஜர் ஏற்கெனவே ஓடுகிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டது. ஒரு திரைக்கு ஒரு கம்பாசிட்டர்தான். எக்ஸ்எஃப்சிஇயின் சொந்தக் கம்பாசிட்டரை அணைத்துவிட்டு ஓட்டினால் ஓடியது. அப்புறம் அதன் செட்டிங்ஸை எழுதும் கான்ஃபிக் ஃபைலில், வரைகிற வேலைக்கான பின்புலமாக (பேக்கெண்ட்) கிராஃபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்தும் ஜிஎல்எக்ஸ், பிளர் முறையாக டூயல் கவாசே என்று எழுதினோம். இந்த முறை முதலில் படத்தைச் சின்னதாக்கி, சின்னதாக இருக்கும்போதே மங்கலாக்கி, திரும்பப் பெரிதாக்கும். 121 எட்டிப்பார்ப்பு கதையே இங்கே கிடையாது. பழைய இன்டெல் சிப்பில் பிளர் ஓடுகிறதென்றால் இந்தத் தந்திரத்தால்தான். வேர் ஜப்பானின் மசாகி கவாசே வீடியோ கேமுக்காகச் சொன்ன ஒரு வழி.

எழுதிவிட்டு மறுபடி ஓட்டினால் ட்ரான்ஸ்பரன்சி இருக்கிறது, பிளர் இல்லை. எழுத்துப்பிழையா என்று பார்த்தோம், இல்லை. பலத்தை 5லிருந்து 10 ஆக்கினோம், இல்லை. பையன் போனில் தேடி நாலு பேருடைய கான்ஃபிக்கை அப்படியே ஒட்டினான், இல்லை. மணி ஒன்றரை. அப்புறம்தான் உறைத்தது, இவ்வளவு நேரமும் மெனுவிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம், அது என்ன முனகுகிறது என்று யாருமே கேட்கவில்லை. டெர்மினலிலிருந்து ஓட்டினால் ஒரே வரியில் சொல்லிவிட்டது: பழைய பின்புலங்களில் டூயல் கவாசே கிடையாது, எக்ஸ்பெரிமென்டல் பேக்கெண்ட்ஸ் விருப்பத்தைப் போடு. டெபியன் 12ல் இருப்பது பிகாம் 9, அதில் புதிய பின்புலங்களைத் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும், பத்தாவது பதிப்பிலிருந்துதான் அவை தானாக வரும். அந்தச் சொல்லைச் சேர்த்து ஓட்டியதும் டெர்மினலுக்குப் பின்னால் குளியலறைக் கண்ணாடி மாதிரி மங்கியது. பையன் போட்ட கத்தலில் அக்கா எழுந்து வந்து, ஒரு நிமிடம் திரையையே பார்த்துவிட்டு, "என்னடா, ஸ்க்ரீன்ல தண்ணி கிண்ணி போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள்.

அடுத்த நாள் காலை வேறு வம்பு. சில விண்டோக்களைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையாக மங்கல். ஜிடிகே 3 என்ற கருவித்தொகுப்பில் எழுதிய சில ஆப்கள் தங்கள் நிழலைத் தாங்களே வரைந்துகொள்ளும், அந்த நிழலுக்கான வெற்று ஓரத்தையும் விண்டோ என்று நினைத்துப் பிகாம் மங்கலாக்கிவிடுகிறது. விலக்குப் பட்டியலில் அந்த வகை விண்டோக்களைச் சேர்க்க ஒரு வரி இருக்கிறது, பிகாமோடு வரும் மாதிரி கான்ஃபிக்கிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதை முதலில் படித்திருந்தால் காலைக் காபி ஆறியிருக்காது.

எல்லாரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட மனசில்லை. ட்ரான்ஸ்பரன்சி இரண்டு வகை. டெர்மினலின் சொந்தச் செட்டிங்ஸில் பின்னணியை ட்ரான்ஸ்பரன்ட் ஆக்கினால் பின்னணி மட்டும் கரையும், எழுத்து கல்வெட்டு மாதிரி நிற்கும். பிகாமில் விதி எழுதி ஒரு விண்டோவை 80 சதவீதம் என்று சொன்னால் எழுத்தும் சேர்ந்து கரையும், படமும் கரையும், எல்லாமே சாயம் போன வேட்டி. பையன் உற்சாகத்தில் பிரவுசருக்கும் 80 போட்டுவிட்டு யூடியூப் பார்த்தான், பேசுகிறவர் முகத்துக்குள் வால்பேப்பர் மரம் முளைத்திருந்தது. எல்எக்ஸ்க்யூட்டியின் க்யூடெர்மினலில் இந்த இரண்டு வகைக்கும் தனித்தனி அளவே வைத்திருக்கிறார்கள், விஷயம் தெரிந்தவர்கள். எக்ஸ்எஃப்சிஇ பேனலிலும் இதே வித்தியாசம்: பின்னணி நிறத்தின் ஆல்ஃபாவை (அந்த நிறத்தின் அடர்த்தியை) குறைத்தால் ஐகான் அப்படியே இருக்கும், பேனல் முழுவதற்குமான ஒபாசிட்டியைக் குறைத்தால் கடிகாரமும் சேர்ந்து மங்கும். என் வழி, கரையவேண்டியதை அந்தந்த ஆப்பிலேயே கரைப்பது, பிகாமிடம் மங்கலையும் நிழலையும் மட்டும் விடுவது.

அளவைப் பற்றிக் கேட்டால், டெர்மினல் பின்னணியின் அடர்த்தியில் 85 சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள். படத்தில் 40 அழகாக இருக்கும், அரை மணி நேரம் கோட் படித்தால் கண் எரியும். தமிழ் எழுத்து என்றால் இன்னும் மோசம், டெர்மினலில் அது இருக்கிற அழகுக்கே கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று கிடக்கும், பின்னால் மரமும் தெருவும் தெரிந்தால் புள்ளி எது, வால்பேப்பரில் விழுந்த மழைத்துளி எது என்று தேடவேண்டியதுதான்.

இதெல்லாம் எக்ஸ்11 கதை என்பதையும் சொல்லவேண்டும். எக்ஸ்11க்குப் பதிலாக வந்துகொண்டிருக்கும் வேலண்டில் விண்டோ மேனேஜரும் கம்பாசிட்டரும் ஒரே ஆள், கண்ணாடியை மட்டும் கழற்றி மாற்ற முடியாது, பிகாமுக்கு அங்கே வேலையே கிடையாது. ஹைப்பர்லேண்ட் மாதிரியான வேலண்ட் கம்பாசிட்டர்கள் பிளரோடே பிறக்கின்றன, பையன் காட்டிய படமும் அதில் எடுத்ததாகத்தான் இருக்கும் என்று சந்தேகம். எக்ஸ்எஃப்சிஇ 4.20ல் வேலண்டுக்குச் சோதனை அளவில் கால் வைத்திருக்கிறார்கள். அது முழுதாகக் குடிபோகும் வரைக்கும் இந்த ஏற்பாடு தாங்கும், இந்த லேப்டாப்பும் அதுவரைக்கும் தாங்கினால்.

கடைசியாக ஒரு ஷார்ட்கட் வைத்துக் கொடுத்தேன். விண்டோஸ் கீயும் பி எழுத்தும் சேர்த்து அழுத்தினால் பிகாம் நின்றுவிடும், இன்னொரு தடவை அழுத்தினால் வரும். பழைய பேட்டரி, முக்கால் மணி நேரம்தான் நிற்கும், சார்ஜரில் இல்லாதபோது பிளர் எதற்கு என்று. போன வாரம் கரண்ட் போன ராத்திரியில் போன் பண்ணினான். பேட்டரி 12 சதவீதம், ரெக்கார்டு நோட்டுக்கு புரோகிராம் பாதியில் இருக்கிறதாம். பிகாமை நிறுத்தினாயா என்றேன். "நிறுத்தினேன் மாமா, ஆனா நல்லாவே இல்ல, திரும்பப் போட்டுட்டேன்" என்றான்.